ஒரு கட்டமும் வரையாமல் கிராஃபிக் நாவல் படைப்பது எப்படி?

தமிழில் கிராஃபிக் நாவல் படைக்கப் போகிறவர்கள், படைத்து முடித்தவர்களைவிடப் பல மடங்கு அதிகம். இந்த வழிகாட்டி முதல் வகையினருக்கானது. இரண்டாம் வகையினருக்கு யாருடைய யோசனையும் வேண்டியிருக்காது. அவர்கள் கழுத்து வலியோடு மேசை மேல் குனிந்திருப்பார்கள், தொந்தரவு செய்யாதீர்கள்.

உங்கள் தகுதியில் எனக்குச் சந்தேகம் இல்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்கு வாத்தியாரை வரைந்துவிட்டு பெஞ்சு மேல் ஏறி நின்றவர் நீங்கள். முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்த சித்தப்பா ஒருவரும் உங்களுக்கு இருப்பார். 1972-இல் சிவகாசியிலிருந்து அந்த இதழ் வரத் தொடங்கியபோது முதல் நாயகனாக வந்து இறங்கியவர் இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துபோய் இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும் அந்த மனிதருக்குச் சொந்த ஊர் 'வேலியன்ட்' என்ற பிரிட்டிஷ் வார இதழ். 1984-இல் தொடங்கிய லயன் காமிக்ஸ் வழியாக நமக்கு உறவான டெக்ஸ் வில்லரோ, இத்தாலியர்கள் கற்பனை செய்த அமெரிக்கப் பாலைவனத்தில் சிவகாசித் தமிழ் பேசிக்கொண்டு குதிரை ஓட்டினார். அதே ஆண்டில் வந்த ராணி காமிக்ஸில் ஜேம்ஸ் பாண்ட். வாண்டுமாமா கதை எழுத, செல்லம் படம் வரைய, நம் ஊர்ச் சரக்கும் கிடைக்காமல் இல்லை. ஆனாலும் தமிழ்ப் பிள்ளைகள் பெரும்பாலும் வீரர்களை இறக்குமதி செய்துதான் வளர்ந்தார்கள். ஆகவே 'இது முழுக்க முழுக்க என் சொந்தக் கற்பனை' என்று மார்தட்டிக்கொள்ள ஒரு புத்தகம் வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியது நியாயம்தான். அந்த நியாயமான ஆசையைப் பத்து வருடம் கெட்டுப்போகாமல் ஊறுகாயாக ஜாடியில் வைத்திருப்பது எப்படி என்று பார்ப்போம்.

கருவிகளிலிருந்து தொடங்குங்கள். பெரிய திரையுள்ள டேப்லெட், அதற்கொரு பேனா, அதற்குள் சில நூறு பிரஷ்கள். ஒவ்வொரு பிரஷ்ஷாலும் ஒரு கோடு இழுத்துப் பார்ப்பதிலேயே ஒரு மழைக்காலம் போய்விடும். பிறகு 'டிஜிட்டலில் உயிர் இல்லை' என்று கண்டுகொண்டு பாரிமுனைக்குப் போய் நிப்பும் இந்தியன் இங்க்கும் வாங்குங்கள். தாள் விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். விலை உயர்ந்த தாளில் கை வைக்கவே மனம் வராது. மலிவுத் தாள் ஆபத்து: தப்பாக வந்தால் கசக்கிப் போட்டுவிட்டு மறுபடி வரையத் தோன்றும்.

அடுத்தது கதைக் களம். யாருமே தொடாத களம் வேண்டும் என்பதால் சோழர் காலத்தைப் பரிந்துரைக்கிறேன்.

கதை இப்படிப் போகலாம். சோழிங்கநல்லூர் ஐ.டி. கம்பெனியில் நைட் ஷிஃப்ட் பார்க்கும் இளைஞன். ஊரில் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஓர் ஓலைச்சுவடி அகப்படுகிறது. அதில் போகர் எழுதிவைத்த குறிப்பு: நவபாஷாணம் ஊருக்குச் சொன்ன கணக்கு, உண்மையில் பத்தாவதாக ஒரு பாஷாணம் உண்டு. அதைத் தேடி ஒரு பன்னாட்டு மருந்துக் கம்பெனி நாயாக அலைகிறது. இளைஞன் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தடியில் நின்று ஓலையை வாய்விட்டுப் படித்ததும் 1025-ஆம் ஆண்டுக்குப் போய்விடுகிறான்; கடாரம் கிளம்பும் இராசேந்திரனின் கப்பலில் சரியாக ஓர் இடம் காலியாக இருக்கிறது. விமானத்தின் நிழல் தரையில் விழாது என்ற சங்கதியையும் கதையில் கட்டாயம் சேருங்கள். சாயங்காலம் அங்கே போனால் அந்த நிழலில்தான் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், கண்டுகொள்ள வேண்டாம். ஏழாவது பாகத்தில் குமரிக்கண்டம். முதல் பாகம் வருவதற்கு முன்பே ஏழாவது பாகத்தின் அட்டையை அறிவித்துவிடுவது மரபு.

வந்தியத்தேவன் சாயலில் ஒரு தோழன் தேவைப்படுவான். 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் 'பொன்னியின் செல்வன்' வந்தபோது மணியம் அவனுக்கு ஒரு முகம் கொடுத்தார். 2022-இல் அது படமானபோது கார்த்தி இன்னொன்று கொடுத்தார். இரண்டையும் கலந்து தாடி வைத்தால் உங்கள் சொந்தக் கற்பனை ரெடி. இராசேந்திரனுக்கு அமெரிக்க சூப்பர் ஹீரோ உடம்பு. வயிற்றில் ஆறு கட்டம். நீங்கள் வரையப்போகும் முதலும் கடைசியுமான கட்டங்கள் அவைதான் என்பதால் நன்றாக நிழல் போட்டு வரையவும்.

இந்தக் கட்டத்தில் ஆராய்ச்சி செய்யத் தோன்றும். அளவோடு செய்யுங்கள். அதே பெரிய கோயிலின் உள்சுற்றில் சோழர் கால ஓவியங்கள் உண்டு. நாயக்கர் காலத்து வண்ணத்துக்கு அடியில் கிடந்து 1931-இல் வெளிச்சத்துக்கு வந்தவை. தப்பித் தவறி அவற்றின் புகைப்படங்களைப் பார்த்துவிட்டால் கஷ்டம். சுந்தரருக்குக் கல்யாணம். பந்தல், சொந்தக்காரர்கள், பரபரப்பு. நடுவில் ஒரு கிழவர் ஓலையை ஆட்டிக்கொண்டு வந்து, 'இவன் எனக்கு அடிமை, பத்திரம் இருக்கிறது' என்று கல்யாணத்தை நிறுத்துகிறார். கடைசியில் சுந்தரர் யானை மேலும் சேரமான் பெருமாள் குதிரை மேலும் கயிலாயம் போகிறார்கள். யாருக்கும் சிக்ஸ் பேக் இல்லை. சபையில் நிற்கிறவர்களின் முகங்களைப் பார்த்தால் நம் தெருவில் பத்திரம் எழுதுகிறவரும் அவர் மச்சானும் நிற்பதாகத் தோன்றும். இதையெல்லாம் பார்த்தவர்களுக்குப் பத்தாவது பாஷாணத்தின் மேல் நம்பிக்கை போய்விடுகிறது.

சோழர் அலுத்துவிட்டதா? எதிர்காலத்துக்குப் போகலாம். 2075, சென்னை, குடிநீருக்காக உலகப்போர். இடிந்த கட்டடங்கள், தோல் ஜாக்கெட், ஒரு கண்ணில் லென்ஸ் பொருத்திய நாயகி. வெயிலில் தோல் ஜாக்கெட் எதற்கு என்று யாரும் கேட்கமாட்டார்கள். இங்கே செய்யக் கூடாதது ஒன்றே ஒன்று: 2019-ஐ நினைத்துப் பார்ப்பது. அந்தக் கோடையில் செம்பரம்பாக்கம், புழல் ஏரிகள் வெடித்துக் கிடந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ஏற்றிக்கொண்டு வில்லிவாக்கத்துக்கு ரயில் வந்தது. வரவேற்க அமைச்சர்கள் போனார்கள். இது ஞாபகம் வந்தால் அடுத்தடுத்து மற்றவையும் வரும்: லாரிக்காரர் போனை எடுக்காமல் விளையாடியது, மூன்றாம் மாடி அக்கா வரிசையில் போட்டுவிட்டுப் போன ஆரஞ்சு நிறக் குடம், அந்தக் குடத்தை நகர்த்தியவரோடு அவர் இன்றுவரை பேசாதது, போர்வெல்லுக்குக் காசு கொடுக்காத வீட்டுக்கு மோட்டார் போடலாமா என்று அசோசியேஷன் கூட்டத்தில் நடந்த விவாதம். தோல் ஜாக்கெட்டுக்கு அதில் இடமே இல்லை. நாயகி நைட்டி மேல் துண்டு போட்டுக்கொண்டு வந்து நிற்பார். கதை தானாக நகரத் தொடங்கும். உடனே டேப்லெட்டை அணைத்துவிட்டு வரைபடம் போடப் போய்விடுங்கள்.

வரைபடம் என்றது உங்கள் கற்பனை உலகத்தின் வரைபடத்தை. ஆறுகள், நாணயம், ஐந்து குலங்கள், அவர்களுக்குள் பகை, தனி எழுத்துமுறை. இந்தப் பகுதியை நான் விவரிக்க வேண்டியதில்லை. நீங்கள் ஏற்கெனவே செய்து வைத்திருப்பீர்கள்.

இனி எச்சரிக்கைகள். உத்வேகம் தேடிப் போகிறவர் கால் இடறி வேலைக்குள் விழுந்துவிடும் பள்ளங்கள் வழியில் உண்டு. பெரிய பெரிய ஆட்களே விழுந்திருக்கிறார்கள்.

முதல் பள்ளம், பெற்ற அப்பா. ஆர்ட் ஸ்பீகல்மனிடம் மிருகங்கள் வரும் ஒரு காமிக்ஸ் இதழுக்கு ஏதாவது வரைந்து தரச் சொன்னார்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களை எலிகளாகவும், கூ க்ளக்ஸ் க்ளான் கும்பலைப் பூனைகளாகவும் வரையலாம் என்று முதலில் நினைத்தார். அருமையான கரு. உங்களைப் போன்றவராக இருந்திருந்தால் இன்றைக்கும் அதற்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருப்பார். அவரோ, அந்த வாழ்க்கை தனக்குத் தெரியாதே என்று யோசித்தார். பூனையும் எலியும் தன் வீட்டிலேயே இருப்பது தெரிந்தது: அப்பா விளாடெக், ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிரோடு மீண்ட போலந்து யூதர். 1972-இல் மூன்று பக்கம் வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு மறுபடி அப்பாவிடம் போனார். அப்பா உடற்பயிற்சி சைக்கிளை மிதித்துக்கொண்டே கதை சொல்வார்; நடுவில் மாத்திரை எண்ணுவார், காசு செலவாகிறது என்று புலம்புவார், மகனோடு சண்டை பிடிப்பார். அதெல்லாமும் 'மௌஸ்' புத்தகத்துக்குள் போயிற்று. முதல் பாகம் 1986, இரண்டாம் பாகம் 1991, மறு ஆண்டு புலிட்சர் சிறப்பு விருது. அப்பாவிடம் வாய் கொடுத்த வினை, ஏறக்குறைய இருபது வருடம். அலிசன் பெக்டலுக்கும் அப்பாதான் எமன். 'ஃபன் ஹோம்' என்ற புத்தகத்துக்காக அப்பாவாகவும் அம்மாவாகவும் தானே நின்று கேமராவில் படம் எடுத்து, அதைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். 2006-இல் வெளிவருவதற்குள் சுமார் ஏழு வருடம் போய்விட்டது. உங்கள் அப்பா சாப்பிட்ட கையோடு 'நான் பம்பாயில் இருந்தப்ப...' என்று ஆரம்பித்தால் இயர்போனை மாட்டிக்கொள்ளுங்கள். சுந்தரர் கல்யாணத்துக் கிழவர் வேறு, உங்கள் கிழவர் வேறு என்று நினைத்து ஏமாந்துவிட வேண்டாம்.

இரண்டாவது, நண்பர்கள். மர்ஜான் சத்ராபி பாரிஸில் கூட வேலை பார்த்த ஓவியர்களுக்கு, தான் ஈரானில் வளர்ந்த கதையைப் பேச்சுவாக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். 'இதை வரையேன்' என்று சொல்லிவிட்டார்கள். 2000 முதல் 2003 வரை 'பெர்சபோலிஸ்' நான்கு பாகம். வெறும் கறுப்பு, வெள்ளை. அதில் பிரஷ் வகைகளை ஆராய வாய்ப்பே இல்லை. நமக்கு அந்த அபாயம் குறைவு. நம் நண்பர்கள் 'மச்சி, இதை வெப் சீரிஸா பண்ணு' என்றுதான் சொல்வார்கள்.

மூன்றாவது, 'முடியாது' என்று சொல்லும் ஆசிரியர். இது நுட்பமானது. சார்ல்டன் என்ற பழைய கம்பெனியின் நாயகர்களை டி.சி. காமிக்ஸ் விலைக்கு வாங்கியது. அவர்களை வைத்து ஒரு கொலைக் கதை பண்ணலாம் என்று ஆலன் மூர் திட்டம் கொடுத்தார். கதை முடிவதற்குள் பாதி நாயகர்கள் உருப்படாமல் போய்விடுவார்கள், காசு கொடுத்து வாங்கிய சரக்கு வீணாகும் என்று கம்பெனி மறுத்தது; வேண்டுமானால் புது ஆட்களை உருவாக்கிக்கொள்ளச் சொன்னது. புளூ பீட்டில் இடத்தில் நைட் அவுல் வந்தார், கொஸ்டின் இடத்தில் ரோர்ஷாக் வந்தார். டேவ் கிப்பன்ஸ் பக்கத்துக்கு ஒன்பது கட்டம் என்று வரிசை போட்டு வரைந்தார். 1986-87-இல் 'வாட்ச்மென்' பிறந்துவிட்டது. உலகமே புதுமை என்று தலையில் வைத்துக் கொண்டாடும் கதை, இரவல் சட்டையைத் திருப்பிக் கேட்டதால் வேறு சட்டை தைத்துக்கொண்டவர்களுடையது. மறுப்புக் கடிதம் வராமலிருக்க ஒரே வழி, யாருக்கும் எதையும் அனுப்பாமலிருப்பது.

நம் நாட்டிலேயே விழுந்தவர்கள் உண்டு. ஓரிஜித் சென் நர்மதைப் பள்ளத்தாக்கில் அணையை எதிர்த்த மக்களோடு போய் இருந்தார். 1994-இல் 'ரிவர் ஆஃப் ஸ்டோரீஸ்' வந்தது. இந்தியாவின் முதல் கிராஃபிக் நாவல் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அணையை எதிர்க்கும் புத்தகத்துக்கு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் நிதி கிடைத்தது என்பதைப் படித்துவிட்டு விண்ணப்பம் போட ஓடாதீர்கள். அது அந்தக் காலம். பல வருடம் கடையில் கிடைக்காமலிருந்த அந்தப் புத்தகத்தை 2022-இல் மறுபதிப்புச் செய்தது சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம். 2011-இல் நவயானா வெளியிட்ட 'பீமாயனா'வில், அம்பேத்கருக்குப் பள்ளியில் தண்ணீர் மறுக்கப்பட்ட கதையை துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற கோண்டு ஓவியர்கள் வரைந்தார்கள். பாத்திரங்களைக் கட்டத்துக்குள் அடைக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். கோண்டு வீடுகளின் சுவரிலும் தரையிலும் போடும் திக்னா கோலம் பக்கங்களைப் பிரித்தது. சாதித் திமிரோடு பேசுகிறவன் வாயிலிருந்து வரும் வசனத்துக்குத் தேள் கொடுக்கு வால். நல்ல வார்த்தைக்குப் பறவை வடிவம். ரயில் பாம்பாக வளைந்து போகிறது. வில் ஐஸ்னரைப் படித்து, ஸ்காட் மெக்க்ளவுடைப் படித்து, கட்ட அமைப்பு பற்றி மூன்று ஒர்க் ஷாப் போன உங்களுக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கும்.

கெய்ஜி நகாசாவா விஷயம் வேறு. 1945 ஆகஸ்ட் 6 காலை, ஹிரோஷிமாவில் பள்ளிக்கூட வாசலில் நின்ற ஆறு வயதுப் பையன். சுவர் ஒன்று குறுக்கே இருந்ததால் பிழைத்தான். அப்பாவும் அக்காவும் தம்பியும் பிழைக்கவில்லை. வளர்ந்து டோக்கியோவில் காமிக்ஸ் வரைந்தபோது அணுகுண்டைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. 1966-இல் அம்மா இறந்தார். தகனத்துக்குப் பிறகு பொறுக்கி எடுக்க எலும்புகூட மிஞ்சவில்லை. கதிர்வீச்சு அதையும் தின்றிருந்தது. அந்தக் கோபத்தில் வரையத் தொடங்கியவர், 1973-இல் 'வெறுங்கால் கென்' தொடரை ஆரம்பித்தார். இவருக்கு உத்வேகம் எங்கிருந்து வந்தது என்று நேர்காணலில் கேட்கக்கூடிய ஆட்கள் இருக்கிறார்கள்; நீங்களாவது அப்படிக் கேட்காதீர்கள்.

சரி, பயணம். உத்வேகத்துக்குப் பயணம் அவசியம். பிரான்ஸில் அங்கூலெம் என்ற ஊரில் 1974 முதல் காமிக்ஸ் திருவிழா நடக்கிறது. விசாவுக்கு எழுதிப் போடுங்கள், காத்திருங்கள். காத்திருக்கும் நேரத்தில் காஞ்சிபுரம் பஸ்ஸில் ஏறிவிடாதீர்கள். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் திருச்சுற்றுச் சுவரில் எட்டாம் நூற்றாண்டிலேயே பல்லவர் வரலாற்றைக் கட்டம் கட்டமாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள்: பிறப்பு, போர், பட்டாபிஷேகம். வாரிசு இல்லாமல் போனபோது பன்னிரண்டு வயது நந்திவர்மனைத் தேடிப் பிடித்து அரசனாக்கிய கதையும் அதில் வருகிறது. கட்டத்துக்குப் பக்கத்தில் விளக்கமாக எழுத்தும் வெட்டியிருக்கிறார்கள். திருவாரூர் தேவாசிரிய மண்டபத்திலோ விதானம் முழுக்க முசுகுந்தன் கதை, பட்டை பட்டையாகப் படம், ஒவ்வொன்றின் கீழும் தமிழில் ஒரு வரி, வரைந்த ஓவியர் சிங்காதனத்தின் பெயர் உட்பட. வாண வேடிக்கைகூட வரைந்திருக்கிறார் மனுஷன். நிமிர்ந்து பார்த்தே கழுத்து வலிக்கும். 'தமிழில் முதல் கிராஃபிக் நாவல் என்னுடையது' என்று அட்டையில் போட நினைத்திருப்பவர்கள் இந்த இரண்டு ஊர்களையும் தவிர்ப்பது மனநிம்மதிக்கு நல்லது.

ஒரு கணக்கு மட்டும் போடவே போடாதீர்கள். 120 பக்கம், பக்கத்துக்கு ஆறு கட்டம் என்றால் 720 படங்கள். ஒவ்வொன்றுக்கும் பென்சில், மை, எழுத்து. நாளுக்கு ஒரு பக்கம் முடிக்கிறவர் கைதேர்ந்தவர். பகலில் ஆபீஸ் போகிறவருக்கு வாரம் ஒரு பக்கம் என்றால் இரண்டேகால் வருடத்துக்கு மேல். பார்த்தீர்களா, போட்டுக் காட்டியதும் இது நடக்கக்கூடிய வேலை என்று தோன்றிவிடுகிறது. மறந்துவிடுங்கள்.

கடைசியாக, விசாரிக்கிறவர்களை எப்படிச் சமாளிப்பது. சென்னைப் புத்தகக் காட்சியில் பார்ப்பவர்கள் 'புக் எப்ப வருது?' என்றால், 'வேர்ல்ட் பில்டிங் போயிட்டிருக்கு' என்று சொல்லுங்கள்; எதிரில் இருப்பவரும் அதையேதான் செய்துகொண்டிருப்பார், மேற்கொண்டு கேட்கமாட்டார். கல்யாண வீட்டுப் பந்திதான் சிரமம். பக்கத்து இலையில் ராமேஸ்வரத்து அத்தை உட்கார்ந்திருப்பார்.

"என்னய்யா, பொம்மைப் புஸ்தகம் போடப்போறேன்னு உங்கம்மா சொன்னாளே, என்னாச்சு?"

"கதை செட் ஆகல அத்தை. ஒரு பெரிய கதையா, யாரும் சொல்லாததா தேடிக்கிட்டிருக்கேன்."

"கதைக்கு என்னய்யா பஞ்சம்? 64 புயல் அடிச்ச ராத்திரி நாங்க தனுஷ்கோடியிலதான் இருந்தோம். எனக்கு ஏழு வயசு. எங்கய்யா ஸ்டேஷன்ல போர்ட்டர். பாம்பன்லேருந்து ரயிலு வரணும், வரலைன்னு சொல்லி அரிக்கேன் லைட்டை எடுத்துக்கிட்டுக் கிளம்புனாரு. எங்கம்மா கையைப் பிடிச்சு இழுக்குது, நான் காலைப் பிடிச்சுக்கிட்டேன்..."

பதற வேண்டாம். ரசம் ஊற்றுகிறவர் இரண்டு இலை தள்ளி நிற்பார். சத்தமாகக் கூப்பிடுங்கள்.